கேமரா, ஒலிப்பதிவு, ஏஐ, கடைசியாக ட்ரோன்: காட்டில் கருவி வைக்கப் போகிறவர்களுக்கு

"அக்கா, எந்த ட்ரோன் வாங்கலாம்?"

வால்பாறைக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். எதைத் தெரிந்துகொள்ள என்று திருப்பிக் கேட்டால் பாதிப் பேர் யோசிக்கிறார்கள். மீதிப் பேர், "ஏஐ வெச்சு யானை எங்க நிக்குதுன்னு கண்டுபிடிக்கலாம்லக்கா" என்கிறார்கள். யானை எங்கே நிற்கிறது என்று தெரிய இங்கே ஏஐ வேண்டாம். காலையில் கொழுந்து பறிக்கப் போகிறவர்களைக் கேட்டால் எந்த எஸ்டேட், எந்த ஓடைப் பக்கம், குட்டி கூட இருக்கிறதா என்பது வரை சொல்லிவிடுவார்கள். மனிதர் பார்க்காத நேரத்துக்கும் மனிதர் போக முடியாத இடத்துக்கும்தான் கருவி.

தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் துண்டுச் சோலைகளில் தானியங்கி கேமராவும் ஒலிப்பதிவுக் கருவியும் வைப்பது, வந்து சேரும் படங்களையும் ஒலிகளையும் பிரிப்பது, இதுதான் என் வேலை. புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் வாயால் சொல்வதையே இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலில் கேள்வி, பிறகு அனுமதி

உங்கள் கேள்வியை ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். "இந்தச் சோலையில் சிறுத்தை வருகிறதா?" என்றால் நாலைந்து கேமரா போதும். "எத்தனை சிறுத்தை?" என்றால் கதை வேறு. கட்டம் போட்டு, ஒவ்வோர் இடத்திலும் இரண்டு கேமரா வைத்து, இது எந்தச் சிறுத்தை என்று அடையாளம் காண இரு விலாவிலும் உள்ள புள்ளிகளைப் படமெடுக்க வேண்டும். "எந்த மழைக்கு எந்தத் தவளை கத்த ஆரம்பிக்கிறது?" என்றால் ஒலிப்பதிவுக் கருவி. "இருவாச்சி இந்த மரத்தில் கூடு வைத்திருக்கிறதா?" என்றால் பைனாகுலரும் பொறுமையும் போதும். கேள்வியை எழுதாமல் கருவி வாங்கினவர்களின் பெட்டிகள் இன்னமும் அலமாரியில்தான் இருக்கின்றன.

அடுத்தது அனுமதி. புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா எதுவானாலும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி இல்லாமல் ஆய்வுக்கென்று உள்ளே போக முடியாது. இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அதனால் கருவிக்குப் பணம் கட்டும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். தனியார் எஸ்டேட் என்றால் மேனேஜரின் கடிதம் வேண்டும். காகிதம் கைக்கு வந்த பிறகும், அந்தப் பகுதியின் வனக்காப்பாளரையும் வேட்டைத் தடுப்புக் காவலர்களையும் நேரில் பார்த்து எங்கெங்கே வைக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். ராத்திரி ரோந்தில் மரத்தில் கட்டியிருக்கும் பெட்டியைப் பார்த்து அவர்கள் திகைக்கக் கூடாது.

கேமரா கட்டுவது

தானியங்கி கேமராவில் இருப்பது பி.ஐ.ஆர். சென்சார். சுற்றுப்புறத்தைவிடச் சூடான ஒன்று எதிரே அசைந்தால் அது படம் எடுக்கச் சொல்லும். இந்த ஒரு வரி புரிந்தால் மற்றதெல்லாம் தானே வரும். வெயிலில் காய்ந்த இலை காற்றில் ஆடினாலும் படம் எடுக்கும். மதிய வெயிலில் பாறையும் விலங்கும் ஒரே சூட்டில் இருந்தால் விலங்கை விட்டுவிடும். நேராகக் கேமராவை நோக்கி நடந்து வரும் விலங்கை அது தாமதமாகத்தான் உணரும். குறுக்கே கடப்பதைச் சட்டென்று பிடிக்கும்.

ஆகவே வழித்தடத்துக்குச் சற்றுச் சாய்வாக, மூன்று நான்கு மீட்டர் தள்ளிக் கட்டுங்கள். சிறுத்தை, செந்நாய், மிளாவுக்கு முழங்கால் உயரம் சரி. சருகுமான், புனுகுப்பூனை வேண்டுமென்றால் இன்னும் தாழ்த்துங்கள். கிழக்கும் மேற்கும் பார்த்து வைத்தால் காலையிலும் மாலையிலும் சூரியன் கண்ணைக் கூசவைத்துப் படம் வெள்ளையாகிப் போகும். வடக்கோ தெற்கோ பார்ப்பது நல்லது. இரண்டு கேமராவை எதிரெதிரே வைத்தால் ஒன்றின் ஃபிளாஷ் மற்றொன்றின் கண்ணில் அடிக்காதபடி ஓரடி விலக்கி வையுங்கள்.

எந்த மரம் என்பதை முடிவு செய்கிற வேலையை எங்களோடு வரும் காடர் பழங்குடி அண்ணனிடம் விட்டுவிடுவேன். வரைபடத்தில் நான் போட்ட புள்ளிக்குப் போய் நின்றதும் அவர் கீழே பார்ப்பார். எச்சம், மரத்தில் நகக்கீறல், ஓடைக்கரைச் சேற்றில் தடம். "இதுல வராதும்மா. அந்தப் பாறைக்குப் பின்னால ஒரு எறக்கம் இருக்கு, அதுலதான் எறங்கும்" என்று இருபதடி தள்ளி ஓர் இடத்தைக் காட்டுவார். ஜி.பி.எஸ். கருவிக்கு அந்த இருபதடி பெரிய வித்தியாசமே இல்லை. மரங்கள் அடர்ந்த இடத்தில் அதன் பிழையே அவ்வளவு வரும். கேமராவுக்கோ அந்த இருபதடியில்தான் எல்லாமும். அந்த நிலத்தை அறிந்தவரைக் கூலிக்கு வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளாமல், திட்டம் போடும் மேசையிலும் உட்கார வையுங்கள். அறிக்கையிலும் அவர் பெயர் இருக்கட்டும்.

கட்டியதும் கேமராவுக்கு முன்னால் ஐந்தடி அகலத்துக்குப் புல்லையும் உண்ணிச்செடிக் கிளையையும் ஒதுக்குங்கள். பிறகு சோதனை முறையில் போட்டு, கைகளை ஊன்றிச் சிறுத்தை உயரத்துக்குக் குனிந்து தவழ்ந்து போய்ப் பாருங்கள். கூட வந்தவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நிமிர்ந்து நடந்து சோதித்தால் உங்கள் நெஞ்சுச் சூட்டைத்தான் சென்சார் பிடிக்கும். முதல் படத்தில் இடத்தின் பெயர், கேமரா எண், தேதி, நேரம் எழுதிய சிலேட்டைக் காட்டுங்கள். பேட்டரி முழுக்கத் தீர்ந்தால் சில கேமராக்களில் கடிகாரம் பழைய தொடக்கத் தேதிக்குத் திரும்பிவிடும். அப்போது சிலேட்டுப் படம் ஒன்றுதான் ஆதாரம்.

பேட்டரியில் கஞ்சத்தனம் வேண்டாம். ரீசார்ஜ் பேட்டரி ஒன்றுக்கு 1.2 வோல்ட், சாதாரணத்துக்கு 1.5. எட்டு பேட்டரி போடும் கேமராவில் இந்தக் குறைவு சேர்ந்து இரவு ஃபிளாஷை மங்கலாக்கும். உங்கள் மாடல் ரீசார்ஜ் பேட்டரியை ஏற்குமா என்று கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள். எறும்பு கூடு கட்டாமல் இருக்க மூடியின் ரப்பர் விளிம்பைத் துடைத்துவிட்டு மூடுங்கள். ஒரு மணல் துகள் இருந்தாலும் ஈரம் இறங்கும். யானை நடமாட்டம் உள்ள இடத்தில் இரும்புக்கூடு கட்டாயம். அதையும் பிடுங்கி எறிகிற யானை உண்டு, அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

ஜூன் பிறந்தால் இங்கே மழையும் அட்டையும். தென்மேற்குப் பருவத்தில் கேமரா வைப்பதை நான் முடிந்தவரை தவிர்ப்பேன். கண்ணாடியில் ஆவி படிந்த படத்தில் காட்டுமாடும் பாறையும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

படம் பிரிக்க ஏஐ

2018 அகில இந்தியப் புலிகள் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். வந்த படங்கள் 3,48,58,623. அதில் புலிப் படம் 76,651, சிறுத்தைப் படம் 51,777. ஆயிரம் படத்தில் இரண்டுதான் புலி. மிச்சமெல்லாம் மற்ற விலங்குகள், மாடு, மனிதர்கள், ஜீப், ஆடும் புல். மூன்றரைக் கோடிப் படத்தைக் கண்ணால் பார்த்துப் பிரிப்பது ஆகிற காரியமா? அதற்காகவே கேட்ரேட் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். இனம் வாரியாகப் பிரிந்த பிறகு, புலியின் வரிகளை ஒப்பிட்டு இது அதே புலியா வேறா என்று பார்க்க இன்னொரு மென்பொருள்.

நமக்கு அவ்வளவு வராது. ஆனால் இருபது கேமரா ஒரு மாதம் காட்டில் இருந்தால் மலையளவு படம் வரும். இலவசமாகக் கிடைக்கும் மெகாடிடெக்டர் என்ற ஏஐ மென்பொருளில் ஆரம்பியுங்கள். அது இனம் சொல்லாது. விலங்கு, மனிதர், வாகனம் என்ற மூன்றையும் பெட்டி போட்டுக் காட்டும், ஒவ்வொரு பெட்டிக்கும் 0 முதல் 1 வரை ஒரு நம்பிக்கை மதிப்பெண் தரும். கணினி நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு ஆடாக்ஸ்ஏஐ என்ற செயலி இருக்கிறது. ஃபோல்டரைக் காட்டி பட்டனை அழுத்தினால் போதும், ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும். நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினியில் மெதுவாகத்தான் ஓடும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். வால்பாறை மின்வெட்டுக்கு யுபிஎஸ் அவசியம்.

ஓட்டுவதற்கு முன் ஒன்று. கேமராவின் மெமரி கார்டில் உள்ளதை இரண்டு தனித்தனி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து, திறந்து பார்த்து, எண்ணிக்கை சரியா என்று ஒப்பிட்ட பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும். அழிப்பதைக் கேமராவுக்குள் போட்டே செய்யுங்கள்.

மதிப்பெண் எல்லையை, அதாவது எத்தனைக்கு மேல் வந்தால் விலங்கு என்று எடுத்துக்கொள்வது என்பதை, எங்கே வைப்பது? இதுதான் எல்லோரும் தடுமாறும் இடம். எல்லையைக் கூட்டினால் குப்பை குறையும், சருகுமான் மாதிரிச் சின்னதுகள் நழுவும். குறைத்தால் ஒன்றும் நழுவாது, ஆனால் ஒவ்வொரு மரக்கட்டையும் விலங்காகும். நான் தாழ்வாக வைத்துத் தொடங்குவேன். பிறகு, "ஒன்றுமில்லை" என்று அது ஒதுக்கியவற்றில் சில நூறு படங்களைக் குருட்டாம்போக்கில் எடுத்து நானே பார்ப்பேன். அதில் விலங்கு அடிக்கடி தட்டுப்பட்டால் எல்லையை இன்னும் குறைப்பேன். இந்தச் சோதனையைச் செய்யாமல் "ஏஐ பிரித்துவிட்டது" என்று அறிக்கை எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. ஒரே இடத்தில் ஒரே பெட்டி நூறு படத்தில் வந்தால் அது அடிமரமோ பாறையோதான். அப்படித் திரும்பத் திரும்ப வருவதை மொத்தமாக நீக்கும் வழி மெகாடிடெக்டரிலேயே உண்டு.

இனம் பிரிக்க, கூகுள் 2025இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட ஸ்பீஷீஸ்நெட் என்ற ஏஐ மென்பொருள் உதவும். நாட்டைக் குறிப்பிட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஆனைமலையில் ஆப்பிரிக்க விலங்கெல்லாம் உலாவும். குறிப்பிட்டாலும் இங்கே சில இடறல் உண்டு. மங்கல் வெளிச்சத்தில் கருங்குரங்கும் சோலைமந்தியும் இரண்டும் கறுப்பு. பாதி உடல் மட்டும் தெரியும் செந்நாயும் ஊர் நாயும் அப்படித்தான். அரிய விலங்கு என்று கணினி சொல்லும் எதையும் இரண்டு பேர் தனித்தனியாகக் கண்ணால் பார்க்காமல் பட்டியலில் ஏற்றாதீர்கள். கருஞ்சிறுத்தை படம் வந்தால், அது அகச்சிவப்பு ஃபிளாஷில் எடுத்த இரவுப் படமா என்று பாருங்கள். பகலில் முழுக் கறுப்பாகத் தெரியும் தோலில் அந்த வெளிச்சத்தில் புள்ளிகள் எழும்பித் தெரியும், எந்தச் சிறுத்தை என்று அடையாளம் காணலாம்.

ஒரு மிளா கேமரா முன்னாலேயே நின்று மேய்ந்தால் நூறு படம் வரும். நூறு மிளா என்று எண்ணக் கூடாது அல்லவா? ஒரே இடத்தில் ஒரே இனம் அரை மணி நேரத்துக்குள் எத்தனை முறை வந்தாலும் ஒரு வருகை என்று கணக்கு வைப்பது வழக்கம்.

மனிதர் படம்

பிரித்தவுடன் நான் முதலில் திறப்பது விலங்கு ஃபோல்டரை அல்ல, மனிதர் ஃபோல்டரை. திறந்து, நம் குழு ஆட்களைத் தவிர மற்றவற்றை நீக்கிவிடுவேன். விறகுக்கும் தேனுக்கும் போகிறவர்கள், ஒதுங்கப் போன பெண்கள், எல்லோரும் அதில் இருப்பார்கள். உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகத்தில் விலங்குக்கென்று வைத்த கேமராவும் ட்ரோனும் காட்டுக்குள் போகும் பெண்களை எப்படி அச்சுறுத்தின என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2024இல் வெளிவந்தது. அரைகுறை ஆடையில் இருந்த ஒரு பெண்ணின் கேமரா படம் உள்ளூர் வாட்ஸப் குழுக்களில் சுற்றியதும் அதில் பதிவாகியிருக்கிறது. ஊர்க்காரர்கள் கேமராக்களை உடைத்துப் போட்டார்கள். நான் அவர்கள் பக்கம்தான். கேமரா வைக்கும் முன் பாடியிலும் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) குடியிருப்பிலும் போய், குறிப்பாகப் பெண்களிடம், எங்கே வைக்கிறோம் என்று சொல்லுங்கள். அவர்கள் வேண்டாம் என்று சொன்ன இடத்தில் வைக்காதீர்கள். படத்தை நீக்குவதா, யார் பார்ப்பது என்பதை அனுமதிக் கடிதத்திலேயே வனத்துறையோடு பேசித் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பிறகு பேசினால் சிக்கல்.

விலங்கின் இடமும் ரகசியம்தான். கைப்பேசிப் படத்துக்குள் ஜி.பி.எஸ். புள்ளி ஒளிந்திருக்கும், பகிரும் முன் அழித்துவிடுங்கள். 2013இல், மத்தியப் பிரதேசத்தில் ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டை போட்ட பன்னா-211 என்ற புலியின் இடத்தகவல் வரும் மின்னஞ்சலுக்குள் வெளியார் யாரோ நுழையப் பார்த்தது செய்தியானது நினைவிருக்கலாம்.

ஒலிப்பதிவு

ஆடியோமாத் என்ற ஒலிப்பதிவுக் கருவி தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, கேமராவைவிட விலை குறைவு. பதிவின் சாம்பிள் ரேட்டை (மாதிரியெடுக்கும் வேகம்) பறவைக்கு 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள், வௌவாலுக்கு 250க்கு மேல் போக வேண்டும். 48இல் ஒரு நிமிடம் ஏறக்குறைய 5.8 எம்.பி. நாள் முழுக்க ஓடினால் 8 ஜி.பி.யைத் தாண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால் 32 ஜி.பி. கார்டு ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும். ஓடைச் சத்தத்திலிருந்து தள்ளி வையுங்கள். தகரக் கூரைக்குப் பக்கத்தில் வைத்தால் மழையைத் தவிர எதுவும் கேட்காது.

பதிவை பேர்ட்நெட் என்ற ஏஐ மென்பொருளில் போட்டால் மூன்று மூன்று விநாடியாக வெட்டி, எந்தப் பறவை என்று மதிப்பெண்ணோடு சொல்லும். எல்லாப் பறவைக்கும் ஒரே மதிப்பெண் எல்லை வைக்காதீர்கள். ஒரு பறவையை 0.3இலேயே சரியாகச் சொல்லும், இன்னொன்றை 0.8இலும் தப்பாகச் சொல்லும். பறவை வாரியாகச் சில பதிவுகளைக் கேட்டுப் பார்த்து எல்லையை முடிவு செய்யுங்கள். துடுப்புவால் கரிச்சானிடம் ஜாக்கிரதை. அடுத்த பறவைகளின் குரலை எல்லாம் எடுத்துப் பேசும் கள்ளன் அது. விடியற்காலையில் ஒரே மரத்திலிருந்து ஐந்தாறு இனம் வரிசையாகப் பட்டியலில் வந்தால், நான் முதலில் அவனைத்தான் சந்தேகிப்பேன்.

ட்ரோன்

இந்தியாவில் 2021 ட்ரோன் விதிகள்தான் நடப்பு. 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்கும், வணிகம் சாராமல் பறக்கும் மைக்ரோவுக்கும் பைலட் சான்றிதழ் வேண்டாம். முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம் என்று அரசு வரைபடத்தில் குறித்திருக்கும் பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் உயரம் வரை பறக்கலாம். வானத்துக்கான இந்த விதி காட்டுக்கான அனுமதி ஆகாது, வனத்துறையிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

மழைக்காட்டில் இதனால் கிடைப்பது குறைவு. ட்ரோனில் பொருத்தும் வெப்பக் கேமரா இலைக்கூரையைத் துளைத்துப் பார்க்காது. புல்வெளி, பாறைச்சரிவு, தேயிலைக் காடு, நீர்நிலை என்று திறந்த இடத்தில்தான் பயன். அங்கேயும் சூரியன் பாறையைச் சூடாக்கும் முன், விடிகாலையில் பறக்க வேண்டும். வெயில் ஏறினால் திரை முழுக்கச் சூடாகத் தெரியும், வரையாடு எது கல் எது என்று பிரிக்க முடியாது.

விலங்குக்கு அந்தச் சத்தம் என்ன செய்யும்? அமெரிக்காவின் மினசோட்டாவில் கருங்கரடிகளுக்கு இதயத்துடிப்புக் கருவி பொருத்திப் பார்த்தார்கள். ட்ரோன் மேலே வந்தபோது கரடிகள் பெரும்பாலும் இடம் நகரவில்லை, துடிப்பு மட்டும் எகிறியது. வெளியே ஓடவில்லை என்பதால் தொந்தரவு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2023 மே மாதம் அரிசிக்கொம்பன் என்ற காட்டு யானை தேனி மாவட்டம் கம்பம் ஊர்ப் பக்கம் வந்தபோது, ஒதுங்கி நின்ற அந்த யானைக்கு மேல் யூடியூபுக்காக ஒருவர் ட்ரோன் விட்டு அது மிரண்டு நகர்ந்தது, வனத்துறை அவரைப் பிடித்தது.

விலங்கிருக்கும் இடத்திலிருந்து தள்ளி நின்று கிளப்புங்கள். உயரம் ஏறிய பிறகுதான் பக்கவாட்டில் நகர வேண்டும், தலைக்கு மேலே நேராக இறக்கக் கூடாது. யானை காதை விரித்தாலோ தும்பிக்கையைத் தூக்கினாலோ படம் போதும், திரும்பி வாருங்கள். மலைச்சரிவில் கழுகு வகைகள் ட்ரோனைத் தாக்க வரும், கூடு கட்டும் காலத்தில் அந்தப் பக்கமே வேண்டாம்.

எச்சரிக்கை அமைப்பு

ஊர் மக்கள் அதிகம் கேட்பது, யானை வருவதை முன்கூட்டியே சொல்லும் அமைப்பைத்தான். 2021 நவம்பர் 26 இரவு கோவை மாவட்டம் நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் செத்தன. 2024 பிப்ரவரியில் அந்த இடம் அடங்கிய மதுக்கரை வனச்சரகத்தில் 7.24 கோடி ரூபாய் செலவில் ஏஐ கண்காணிப்பு தொடங்கியது. 12 கோபுரம், 24 கேமரா, அதில் வெப்பக் கேமராவும் உண்டு. தண்டவாளத்தை நெருங்கும் யானையைக் கண்டதும் ரயில்வேக்குத் தகவல் போகும். இது ஓடக் காரணம் கேள்வி சிறியது என்பதுதான். ஒரே விலங்கு, ஒரே தண்டவாளம், தகவல் யாருக்குப் போக வேண்டும் என்பதும் ஒன்றே.

வால்பாறையில் சிக்கல் வேறு. யானை எந்தத் தோட்டத்துக்கும் வரலாம், தகவல் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போக வேண்டும். யானை தாக்கி இங்கே இறந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அங்கே யானை நிற்பதே தெரியாது. அதனால் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை 2011 வாக்கில் இங்கே கொண்டுவந்தது மூன்று எளிய வழிகள்: குறுஞ்செய்தி, உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும் வரி, கைப்பேசியிலிருந்து அழைத்து எரியவிடும் சிவப்பு விளக்கு. கம்பத்தின் உச்சியில் அது மின்னினால் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் அந்தக் குறுக்குவழியில் போக மாட்டார்.

நீங்கள் இப்படி ஒன்று செய்வதானால் கேமராவில் ஆரம்பிக்காதீர்கள், கைப்பேசி எண் பட்டியலில் ஆரம்பியுங்கள். வீட்டுக்கு ஓர் எண் போதாது. அந்த ஒரு போன் கணவரோடு டவுனுக்குப் போயிருக்கும், இருட்டில் தண்ணிக்குப் போகிறவர் மனைவி. இரண்டு எண் வாங்குங்கள். எந்த விளக்கை யார் எரியவிடுவது, யானை போனதும் யார் அணைப்பது என்று பெயரோடு எழுதி ஒட்டுங்கள். மூன்று நாள் அணைக்காமல் எரிந்த விளக்கை நாலாம் நாள் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். சிக்னல் எந்த வளைவில் போகிறது என்று நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சிம் மாற்றுகிறவர்கள், எஸ்டேட் மாறுகிறவர்கள் என்று பட்டியல் சீக்கிரம் பழசாகும். வருடத்துக்கு இரண்டு முறையாவது பாடி பாடியாகப் போய்ச் சரிபார்க்க வேண்டும். இப்போது கொழுந்து பறிக்கிறவர்களில் நிறையப் பேர் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள். தமிழில் வரும் குறுஞ்செய்தி அவர்களுக்கு எழுத்தாகவே தெரியாது. அவர்களுக்கு இந்தியில் பேசும் குரல் அழைப்பைத் தனியாகப் பதிவு செய்து, அவர்களில் ஒருவரையே கேட்கவைத்துப் புரிகிறதா என்று பார்த்த பிறகு அனுப்பத் தொடங்குங்கள்.